செவ்வாய்க்கிழமை மாலைக்கு ஓர் ஊர்

மவுண்டன் பைக் பிறந்த ஊரில் இன்று அதை ஓட்ட இடம் தேட வேண்டியிருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுன்டி. அங்கே டமால்பைஸ் மலைப் பக்கம் ஃபேர்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், செங்குத்தான மண்சாலையில் யார் முதலில் கீழே வந்து சேர்வது என்று பந்தயம் விட்டார்கள். ஓர் இறக்கம் முடிவதற்குள் பின்சக்கர கோஸ்டர் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சாலைக்கு 'ரீபேக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் இதற்கென்று தனி ஃபிரேம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்துகொடுத்த ஃபிரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதே மரினில் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை இன்று சைக்கிளுக்கு மூடிக் கிடக்கின்றன. தீயணைப்பு வண்டி போகிற அகலமான மண்சாலைகளில் ஓட்டலாம், அங்கும் மணிக்கு 15 மைல் என்று வரம்பு உண்டு.

கொலராடோவின் போல்டர் இன்னொரு வேடிக்கை. திறந்தவெளி நிலங்களை வாங்கிப் பாதுகாப்பதற்காகத் தங்கள் மேல் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொள்ள 1967இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்தார்கள். சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கமான இம்பாவும் பல ஆண்டுகள் போல்டரிலிருந்துதான் இயங்கியது. ஆனால் ஊருக்கு மேற்கே பலகை பலகையாக நிற்கும் ஃபிளாட்டயர்ன்ஸ் பாறைகளின் அடிவாரப் பாதைகளில் சைக்கிள் ஏறக் கூடாது. மலையை அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்குக் காரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் போக வேண்டும்.

ஊர் தேடுகிறவர்களில் பலர் படத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். பின்னால் பனிச் சிகரம், முன்னால் சைக்கிளில் ஒருவர். 'வாழச் சிறந்த பத்து ஊர்கள்' என்று வருஷா வருஷம் வரும் பட்டியல்களும் மலையின் அழகையும் பாதைகளின் மொத்த நீளத்தையும் வைத்தே வரிசை போடுகின்றன. சுற்றுலா போகிறவருக்கு அது போதும். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி என்று ஓடிக்கொண்டிருப்பவருக்குப் போதாது. என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு மடிக்கணினியை மூடினால், ஒன்றரை மணி நேரம் மண்ணில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வர முடியுமா? முடியும் என்றால் அந்த ஊரைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

சனிக்கிழமையை நம்பி ஊர் பார்க்கக் கூடாது என்பதற்கு அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிக் காரணமே உண்டு. தமிழ்ப் பள்ளி, பாட்டு வகுப்பு, யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிறந்தநாள், கோயில், காஸ்ட்கோ. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வார இறுதி என்பது வாரத்தில் தேங்கிய வேலைகளைத் தீர்க்கும் நாள். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய மலைக்கு ஒரு முழு நாள் செலவாகும், வருஷத்துக்குப் பத்து தடவை போனால் பெரிது. கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் சாதாரணக் குன்றுக்கு நூறு தடவை போகலாம். கையும் காலும் பழகுவது அந்தக் குன்றில்தான். மோவாப், செடோனா, விஸ்லர் போன்ற பெரிய இடங்களுக்கு நீண்ட விடுமுறையில் விமானம் ஏறிப் போனால் ஆயிற்று, அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை.

அளவுகோலுக்குள் முதலில் வருவது நிலம். மலை எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன்னால் அது யாருடையது என்று கேட்க வேண்டும். அமெரிக்க மேற்கில் மலைகளில் பெரும்பகுதி மத்திய அரசின் வன நிலம், எனவே பொதுச்சொத்து என்று நினைப்போம். ஆனால் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் சில பகுதிகளை எந்த 'இயந்திரப் போக்குவரத்தும்' இல்லாத இடங்களாக ஒதுக்கியது. சைக்கிளும் அதில் அடக்கம் என்று வனத்துறையின் விதிகள் 1984இல் உறுதியாக்கின. ஒரு மலையின் தெற்குச் சரிவில் ஓட்டலாம், கோடு தாண்டினால் அபராதம் என்ற நிலை அதனால் வந்தது. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் உங்களுக்குத் திறந்த காடு அல்ல.

தனியார் நிலம் இன்னும் வழுக்கலானது. வெர்மான்ட் மாநிலத்தின் கிங்டம் டிரெயில்ஸ் கிழக்குக் கரையில் பேர்போன இடம். ஏறத்தாழ நூறு நில உரிமையாளர்கள் தங்கள் காட்டுக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் பாதை விட்டுக்கொடுத்ததால் உண்டானது அது. 2019 டிசம்பரில் அவர்களில் மூன்று பேர் சைக்கிளுக்கு இனி அனுமதி இல்லை என்றார்கள். மிகவும் பிடித்தமான பாதைகள் சில அன்றோடு போயின. கூட்டம் தாங்கவில்லை என்பது அவர்கள் தரப்பு, அதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகராட்சி, மரம் வெட்டும் நிறுவனத்தின் கையில் இருந்த கால்பிரெய்த் மலையில் பொதுமக்கள் ஓட்டிக்கொள்ளும் உரிமையை 2018இல் விலை கொடுத்து வாங்கி நிரந்தரமாக்கியது. மரம் வெட்டுவது நிற்கவில்லை. போன மாதம் நிழலாக இருந்த பாதை இந்த மாதம் மொட்டை வெயிலில் கிடக்கலாம். ஆனால் பாதை உங்களுடையதாகவே இருக்கும்.

மக்கள் காசு போட்டு வாங்கிய நிலம்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. டென்வருக்கு மேற்கே ஜெஃபர்சன் கவுன்டியில் 1972இல் அரை சதவீத விற்பனை வரிக்கு வாக்களித்தார்கள். இன்று கோல்டன் ஊரைச் சுற்றியுள்ள பூங்காக்கள் அந்த வரியில் வந்தவை. ஐடஹோவின் பாய்ஸி நகரத்தார் 2001இல் அடிவாரக் குன்றுகளைக் காப்பாற்ற ஒரு கோடி டாலர் வரிக்குச் சம்மதித்தார்கள். வாக்களித்துப் பணம் கொடுத்த ஊரில் பாதைக்கு ஓர் ஆபத்து வந்தால் நகர மன்றக் கூட்டத்தில் ஆள் நிரம்புகிறது. ஓர் ஊரை எடைபோட நான் முதலில் தேடிப் படிப்பது இந்த வாக்கெடுப்பு வரலாற்றைத்தான். வீட்டு விலை நிலவரத்தை அப்புறம்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, நாட்காட்டி. வருஷத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை ஓட்ட முடியும்? உயரமான மலையூர்களின் குட்டு இங்கே வெளிப்படும். அங்கே மேட்டுப் பாதைகளில் ஜூன் கடைசி வரை பனி கிடக்கும், அக்டோபரில் திரும்பவும் விழும். மிஞ்சுவது நான்கு மாதம், அதிலும் ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் இரண்டு வாரம் போச்சு. டல்லாஸில் பனி இல்லை, தமிழர்கள் ஏராளம். ஆனால் அங்கே இருப்பது கரிசல் போன்ற களிமண். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றாது. ஓட்டினாலும் தடம் பாளம் பாளமாகப் பெயரும். பாதைகளைப் பராமரிக்கும் அந்த ஊர்ச் சங்கம் காயும் வரை மூடிவிடும், அதுவும் சரிதான்.

பாய்ஸியில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மண் உறைந்திருக்கும் விடியலில் போய், வெயில் ஏறி மண் இளகுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பதரை மணிக்குப் பாதையில் சக்கரத் தடம் பதிய ஆரம்பித்தால் திரும்பிவிடு என்று அங்கே தெரியாதவருக்கும் சொல்லித் தருவார்கள்.

மூன்றாவது, வேலை. இதில் நம்மவர்களுக்குப் பொருந்துகிற கணக்கு வேறு. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு முதலாளி மனுப் போட வேண்டும். இன்னொரு பெருநகரப் பகுதிக்கு வேலையிடம் மாறினால், ஒரே நிறுவனமாக இருந்தாலும், திருத்த மனு வேண்டும். ஆகவே 'எங்கிருந்தும் வேலை செய்யலாம்' என்று சொல்லி ஆரெகனின் பெண்ட் போன்ற அழகான சிற்றூருக்கு மூட்டை கட்டுவது குடியுரிமை உள்ளவருக்கு எளிது, நமக்கு அவ்வளவு எளிதல்ல. பெண்டில் பைன் காட்டுக்குள் ஊர் முனையிலிருந்தே பாதை தொடங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊரின் பெரிய முதலாளி ஒரு மருத்துவமனை. மென்பொருள்காரருக்கு வேலை போனால் அடுத்த வாசல் எங்கே?

மருத்துவக் காப்பீடும் இதோடு கட்டுண்டது. இந்த விளையாட்டில் என்றைக்காவது விழுவோம். காறையெலும்பும் மணிக்கட்டும் அதிகம் அடிபடுகிறவை. அமெரிக்காவில் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. ஊருக்குள் இரண்டாவது, மூன்றாவது முதலாளி இருக்கிறாரா என்பது சம்பளத்தை மட்டும் பற்றிய கேள்வியல்ல.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஊர்களைப் பார்க்கலாம்.

அர்கன்சாவின் பென்டன்வில் அதிசயமான ஊர். 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் இருபதாயிரம் பேர்கூட இல்லை, 2020இல் 54 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வால்மார்ட்டின் தலைமையகம் அங்கே. வால்டன் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கு மவுண்டன் பைக்கில் ஈடுபாடு. குடும்ப அறக்கட்டளையின் பணம் காட்டுக்குள் பாதையாக இறங்கியது. வெளியூரிலிருந்து திறமைசாலிகளை இங்கே இழுத்து வர ஏதாவது வேண்டும் என்ற வணிகக் கணக்கும் அதில் உண்டு, அதை அவர்கள் மறைக்கவுமில்லை. ஊர்ச் சதுக்கத்திலிருந்து சைக்கிளில் சில நிமிடம் போனால் ஸ்லாட்டர் பென் பாதைகள். கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவியக் காட்சியகத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு பாதை வளைந்து போகிறது. மேற்கே கோலர் காட்டின் நடுவில் ஒரு காபிக் கடை இருக்கிறது. அதற்குக் காரில் போக வழியில்லை, நடந்தோ சைக்கிளிலோதான் போக முடியும். பிள்ளைகளுக்குத் தள்ளுவண்டி, அப்பாவுக்குச் சேறு படிந்த சைக்கிள், இருவருக்கும் ஒரே வரிசை.

செவ்வாய்க்கிழமைக் கணக்கில் பென்டன்வில்லை மிஞ்ச ஊர் இல்லை. மலைகள் குட்டையானவை, ஏற்றம் என்றால் சில நூறு அடிதான். பாதைகளில் பல இயந்திரத்தால் வெட்டி, வளைவுக்கு மண் அணைத்து, குதிக்க மேடு வைத்துச் செய்தவை. காட்டுக்குள் தொலைந்துபோகிற சுகம் தேடுகிறவருக்கு ஏதோ பூங்காவில் ஓட்டுவதுபோலத் தோன்றலாம். கோடையில் ஈரப்பதம் சென்னையை நினைவூட்டும், உண்ணி கடிக்கும். இவை பெரிய குறைகள் அல்ல. பெரிய குறை வேலையில் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் டைசன் உணவு நிறுவனமும் ஜே.பி. ஹன்ட் சரக்குப் போக்குவரத்து நிறுவனமும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் நம்மவர்கள் பெருமளவில் வேலை பார்ப்பது வால்மார்ட்டுக்கோ, வால்மார்ட்டுக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்த நிறுவனத்துக்கோ, அதற்குப் பொருள் விற்கிற கம்பெனிக்கோதான். எல்லாம் ஒரே ஆலமரத்தின் விழுதுகள். மரம் ஆடினால் எந்த விழுதைப் பிடித்துக்கொள்வது? பச்சை அட்டை கையில் இருப்பவர் யோசிக்காமல் போகலாம். இல்லாதவர் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வீடு வாங்குவது நல்லது.

சியாட்டலுக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட், அமேசான், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான நிறுவனங்கள். மாநில வருமான வரி சம்பளத்துக்குக் கிடையாது. அறுபது நாளில் அடுத்த வேலை தேட இதைவிட நல்ல ஊர்கள் ஒன்றிரண்டுதான். தமிழர்கள் நெருக்கமாக வாழும் சமாமிஷ், இசக்குவா பகுதிகளை ஒட்டியே டூத்தி ஹில் பூங்கா இருக்கிறது. கவுன்டிக்குச் சொந்தமான காட்டில் எவர்கிரீன் மவுண்டன் பைக் அமைப்பின் தன்னார்வலர்கள் உழைத்து 2010இல் திறந்தது. ஆறு வயதுப் பிள்ளை ஓட்டும் பாதையும், பெரியவர்கள் அஞ்சும் குதிப்பும் ஒரே இடத்தில். கொஞ்சம் தள்ளி டைகர் மலை, ரேஜிங் ரிவர் காடு.

மழை என்று பயமுறுத்துவார்கள். ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் சியாட்டலில் பெய்வதைவிடச் சென்னையில் அதிகம். ஆனால் சென்னையில் பெரும்பாலும் மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை இங்கே அக்டோபர் முதல் மே வரை தூறியே தீர்க்கிறது. நல்லவேளையாகக் காட்டு மண் இலைமக்கும் சரளையும் கலந்தது, நீரை உறிஞ்சிக்கொள்ளும், டல்லாஸ்போல அப்பாது. உண்மையான எதிரி இருட்டு. டிசம்பரில் நாலேகால், நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஹெல்மெட்டில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று என்று இரண்டு விளக்கு இல்லாமல் வாரநாள் ஓட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. நகருக்குள் ஐ-5 நெடுஞ்சாலையின் மேம்பாலத்துக்கு அடியில், மழை படாத காலி இடத்தில், கொலொனேட் என்று ஒரு மவுண்டன் பைக் பூங்காவையே கட்டினார்கள். தலைக்கு மேல் லாரிகள் உறுமும், கீழே புழுதி காய்ந்திருக்கும். வீட்டு விலைதான் மூச்சுமுட்டும்.

ஃபீனிக்ஸ் இதற்கு நேரெதிர். அங்கே நாட்காட்டியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சொர்க்கம். கோடை வேறு கதை. 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது, அதாவது 43 செல்சியஸுக்கும் மேல். வெயில் நாட்களில் சில மலைப்பாதைகளை நகராட்சியே பகலில் மூடுகிறது. அரிசோனாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தைக் கோடைக்காக முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம் இல்லை. ஜூனில் ஐந்தேகாலுக்கே சூரியன் வந்துவிடும். அதனால் ஓட்டுகிறவர்கள் விடியலுக்கு முன் போய் ஏழு மணிக்குள் திரும்பி, குளித்து வேலைக்கு உட்காருகிறார்கள்.

சவுத் மவுண்டன் பூங்கா மட்டுமே 16 ஆயிரம் ஏக்கருக்கு மேல், நகர எல்லைக்குள்ளேயே. இன்டெல் ஆலை இருக்கும் சாண்ட்லரிலிருந்து அங்கே போக இருபது நிமிடம் போதும். நகரின் வட கோடியில் டி.எஸ்.எம்.சி.யும் வந்துவிட்டது, சில்லுத் துறைப் பொறியாளருக்கு இரண்டு வாசல். இங்கே பையில் டியூப், பம்புடன் ஒரு தலைவாரும் சீப்பும் இருக்கும். சோயா என்றொரு கள்ளியின் முள் உருண்டை கையிலோ காலிலோ ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்கக் கூடாது, விரலிலும் ஏறும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து ஒரு சுண்டு சுண்ட வேண்டும். உருண்டை எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்வதும் நல்லது, பின்னால் வருபவர் நண்பராக இருக்கலாம்.

டென்வரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். வேலைகள் உண்டு, வெயில் உண்டு, மலை உண்டு. ஆனால் அலுவலகங்கள் அதிகம் இருக்கும் டென்வர் டெக் சென்டர் நகரின் தென்கிழக்கில், பாதைகள் மேற்கில். மாலை நெரிசலில் குறுக்கே கடப்பதற்குள் உற்சாகம் பாதி வடிந்துவிடும். சனிக்கிழமை ஐ-70இல் மலைக்குப் போகும் கார் வரிசையைப் பார்த்தவர்கள் திரும்பவும் அதை ஆசைப்பட மாட்டார்கள். லேக்வுட், கோல்டன் பக்கம் வேலையும் வீடும் ஒருசேர அமைந்தால் மட்டும் டென்வர்.

சால்ட் லேக் பள்ளத்தாக்கில்தான் மூன்று கேள்விக்கும் சேர்த்து நல்ல விடை கிடைக்கிறது. 4,200 அடி உயரத்தில் ஊர். கிழக்குச் சுவராக வாசாட்ச் மலைத்தொடர். மலை தொலைவில் நிற்கும் காட்சிப் பொருள் அல்ல, தெரு முடிகிற இடத்தில் தொடங்குகிறது. தெற்கே லீஹைப் பகுதியில் அடோபி உட்பட மென்பொருள் அலுவலகங்கள் நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. நகருக்குள் கோல்ட்மேன் சாக்ஸுக்குப் பெரிய அலுவலகம் உண்டு. லீஹையிலிருந்து கால் மணி நேரத்தில் டிரேப்பர் ஊரின் கார்னர் கேன்யன். நகராட்சியே நிலத்தை வாங்கிக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு மட்டும் ஒரு பாதை என்று பிரித்திருப்பதால் மாலைக் கூட்டத்திலும் முட்டல் மோதல் குறைவு. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம். முப்பது நிமிடத்தில் பார்க் சிட்டி, அங்கே 400 மைலுக்கு மேல் பாதை.

மில் கிரீக் கேன்யனில் ஓர் ஏற்பாடு உண்டு. மேல்பகுதிப் பாதைகளில் இரட்டைப்படைத் தேதியில் சைக்கிள் போகலாம். ஒற்றைப்படைத் தேதியில் நாய்களைக் கயிறில்லாமல் விடலாம், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மேல் சாலையின் கதவும் ஜூலை 1 அன்றுதான் திறக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடப்பவர், நாய் வளர்ப்பவர், சைக்கிள்காரர் மூவரும் ஒருவரையொருவர் சபிக்காமல் ஒரே காட்டைப் பகிர்ந்துகொள்ள இதைவிட மலிவான தீர்வு எனக்குத் தெரியவில்லை. மரினில் இப்படி ஒன்றை நாற்பது வருஷத்துக்கு முன்பே செய்திருந்தால் அங்கே பாதைகள் இவ்வளவு மூடியிருக்காது என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. யூட்டாவின் பள்ளி மவுண்டன் பைக் லீக் நாட்டிலேயே பெரியது. கால்பந்து, கூடைப்பந்துபோலத் தேர்வில் கழித்து பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கம் இல்லை, சேர்ந்த எல்லாப் பிள்ளையும் பந்தயத்தில் ஓடும். விளையாட்டில் ஒதுங்கியே நிற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாசல். சவுத் ஜோர்டனில் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது.

குறை இல்லாமலா? ஜனவரியில் காற்று. பள்ளத்தாக்கின் குளிர்காற்றை மேலே ஒரு சூடான அடுக்கு மூடிவிட, புகையும் தூசியும் நாட்கணக்கில் அடியிலேயே தேங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஊரை மறந்துவிடுங்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த உப்பு ஏரி 2022இல் வரலாறு காணாத அளவுக்குச் சுருங்கியது. வெளியே தெரியும் ஏரிப் படுகையின் தூசியில் ஆர்செனிக் உண்டு என்பதால் கவலை கூடியிருக்கிறது. குளிர்காலத்தில் ஓட்டியே தீர வேண்டும் என்றால் நாலரை மணி நேரம் தெற்கே செயின்ட் ஜார்ஜ் பாலைவனம். தமிழ்ச் சமூகம் சிறியது, தோசை மாவை வீட்டில்தான் அரைக்க வேண்டியிருக்கும்.

கிழக்குக் கரையிலிருந்து நகர முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். வர்ஜினியாவின் ரிச்மண்டில் ஜேம்ஸ் ஆற்றின் இரு கரையிலும் நகர மையத்திலேயே ஒற்றையடிப் பாதைகள் ஓடுகின்றன. கேபிடல் ஒன் வங்கியின் பெரிய வளாகமும், அதை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த ஊரில் உண்டு. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆற்றங்கரைப் பாறையும் வேரும்தான். செவ்வாய்க்கிழமைக்கு அது போதும். பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளிலேயே ஃபிரிக் பூங்காவின் சரிவுகளுக்குப் போகலாம். பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலைத் தெரியாத தமிழர் அந்தப் பக்கம் இல்லை. நியூ ஜெர்சியில் நீர்த்தேக்கம் கட்டுவதற்காக மாநிலம் வாங்கி, கட்டாமலே விட்ட சிக்ஸ் மைல் ரன் நிலம் இன்று காடும் வயலும் கலந்த அருமையான பாதைக்கூட்டம். எடிசனிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குச் சில மைல் தள்ளி வாஷிங்டன் வேலிப் பூங்காவில் முன்சக்கரத்தை உடைக்கும் பாறைகள் காத்திருக்கின்றன. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் ஈழத் தமிழருக்கு டான் பள்ளத்தாக்கும், வடகிழக்கே டர்ஹம் காடும் எட்டும் தூரம். வட கரோலினாவின் ஆஷ்வில் என் பட்டியலில் மேலே இருந்த ஊர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் காட்டையும் பாதையையும் ஊரையும் சேர்த்து அடித்துப் போனது. மரம் அகற்றும் வேலையே பெரும் வேலையாகிவிட்டது.

சிலிக்கான் பள்ளத்தாக்கை விட்டுவிட்டாரே என்று கேட்பீர்கள். சான்டா குரூஸ் ரெட்வுட் காட்டுப் பாதைகளுக்கு ஈடில்லை, சான் ஹோசேயிலிருந்து மாலையில் நெடுஞ்சாலை 17ஐக் கடந்து போய்ச் சேர்வதுதான் கேள்வி. சான்டா குரூஸிலேயே குடியிருக்கலாம் என்றால், அங்கே பத்து லட்சம் டாலருக்குக் கீழே தனி வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு.

எனவே என் தீர்ப்பு இது. விசாவில் இருக்கும் மென்பொருள்காரருக்கு சியாட்டலின் கிழக்குப் பகுதி. பச்சை அட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தால் சால்ட் லேக் பள்ளத்தாக்கின் தென்பகுதி, டிரேப்பர் அல்லது சாண்டி. சில்லுத் துறையில் இருப்பவருக்கு ஃபீனிக்ஸ், வெயில் ஆகாதென்றால் மைக்ரான் இருக்கும் பாய்ஸி. தனியாள், கடன் இல்லை, வேலை போனாலும் பயமில்லை என்றால் பென்டன்வில். வேலையை ஏற்கும் முன் ஒரு தடவை போய் வாருங்கள், ஆனால் செப்டம்பரில் போகாதீர்கள், செப்டம்பரில் எல்லா ஊரும் அழகு. சால்ட் லேக்குக்கு ஜனவரியில், சியாட்டலுக்கு டிசம்பரில், ஃபீனிக்ஸுக்கு ஜூலையில் போங்கள். அங்கே இருக்கும் வாரத்தில் ஒரு வேலை நாள் மாலை பாதை தொடங்கும் இடத்துக்குச் சென்று, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, அறிவிப்புப் பலகையில் எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

குடியேறிய முதல் மாதமே அந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள், மண்வெட்டி பிடிக்கும் நாளுக்கும் போங்கள். நம்மவர்கள் ஓட்ட வருகிறார்கள், வெட்ட வருவது குறைவு. கையுறை, மண்வெட்டி எல்லாம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். ஒரு சனிக்கிழமைக் காலை மட்டும் தமிழ்ப் பள்ளிக்கு விடுப்புச் சொன்னால் போதும்.